பால் பொங்கி வழிந்த மலைப்பாதை: பிங்க் ஜெர்சி கை நழுவியது எப்படி?

2025 மே 31. இத்தாலியின் வடமேற்கு மூலையில், ஆல்ப்ஸ் மலை. தார் ரோடு முடிந்து, ஜல்லியும் மண்ணுமாக வளைந்து வளைந்து ஏறும் பாதை. அதில் இரண்டு பேர் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் 21 வயது மெக்சிகோ இளைஞர். உடம்பில் பிங்க் நிற ஜெர்சி. இன்னொருவர் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஈக்வடார்காரர்.

இருவருக்கும் முன்னால், கண்ணுக்கு எட்டாத தூரத்தில், 32 வயது இங்கிலாந்துக்காரர் ஒருவர் போய்க்கொண்டிருக்கிறார். அவரைத் துரத்த வேண்டும். துரத்தாவிட்டால் மூன்று வாரப் பந்தயமே கையைவிட்டுப் போய்விடும். இது இருவருக்கும் தெரியும்.

ஆனால், இருவரும் துரத்தவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுப்பில் பால் பொங்குகிறது. `நீ போய் அணை’ என்று அண்ணன் தம்பியைப் பார்க்கிறான், `நீதான் பக்கத்துல இருக்கே’ என்று தம்பி அண்ணனைப் பார்க்கிறான். கடைசியில் பால் வழிந்து அடுப்பு அணைகிறது. எல்லா வீட்டிலும் நடக்கும் இந்தக் கதைதான், அன்று உலகின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயங்களில் ஒன்றின் முடிவைத் தீர்மானித்தது.

21 நாள் கணக்கு

பந்தயத்தின் பெயர் ஜிரோ டி இத்தாலியா. 1909-ல் தொடங்கியது. பிரான்ஸின் `டூர் டி பிரான்ஸ்’, ஸ்பெயினின் `வுவெல்டா’ இரண்டோடு சேர்த்து `கிராண்ட் டூர்’ என்று சொல்லப்படும் மூன்று பெரிய பந்தயங்களில் இதுவும் ஒன்று. இதை ஆரம்பித்தது `லா கஸெட்டா டெல்லோ ஸ்போர்ட்’ என்கிற விளையாட்டு நாளிதழ். அந்த நாளிதழ் அச்சாகும் தாள் பிங்க் நிறம். அதனால்தான் முதலிடத்தில் இருப்பவருக்கும் பிங்க் ஜெர்சி.

மொத்தம் 21 நாள் பந்தயம். பெரும்பாலான நாட்களில் ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் முடியும். ஒவ்வொருவருக்கும் தினமும் எவ்வளவு நேரம் ஆனது என்று கூட்டிக்கொண்டே வருவார்கள். கடைசி நாளில் யாருடைய மொத்த நேரம் குறைவோ, அவர்தான் சாம்பியன். தினமும் முதலாவதாக வர வேண்டிய அவசியம் இல்லை. சொல்லப்போனால், இந்தக் கதையின் ஹீரோ 21 நாளில் ஒரு நாள்கூட முதலாவதாக வரவில்லை!

ஓர் அணிக்கு 8 பேர். கோப்பையோ ஒருவருக்குத்தான். மற்ற 7 பேரும் அந்த ஒருவருக்காக உழைப்பவர்கள். தண்ணீர் பாட்டில் வாங்கிவருவது, காற்றுக்குக் குறுக்கே நின்று மறைப்பது, தலைவரின் சைக்கிள் பஞ்சர் ஆனால் தங்கள் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பது என்று எல்லாமே அவர்கள் வேலை.

காற்றுதான் முதல் எதிரி

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில் முன்னால் ஒரு டிராக்டர் மெதுவாகப் போனால், அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு சுகமாகப் போயிருப்போம். பந்தயத்திலும் அதேதான். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார். அவர் சக்கரத்தை ஒட்டிப் பின்னால் வருகிறவருக்கு உழைப்பு வெகுவாகக் குறையும். சமதரையில் வேகமாகப் போகும்போது மூன்றில் ஒரு பங்கு வரைகூட மிச்சமாகும். இதற்கு `டிராஃப்டிங்’ என்று பெயர்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வேகம் கூடக் கூடத்தான் காற்றின் எதிர்ப்பும் கூடும். செங்குத்தான மலையில் வேகம் குறைந்துவிடும். அங்கே காற்றைவிட, உடல் எடையை மேலே இழுத்துச் செல்வதுதான் பெரிய பாடு. அதனால் செங்குத்தில் மறைவு கொடுக்க ஆள் இருந்தாலும் பெரிய லாபம் இல்லை. அவரவர் கால்தான் துணை. ஆனால், மலை லேசாகச் சாய்ந்த இடத்திலும், சமதரையிலும் ஆள் பலம் இருக்கிறவர்தான் ராஜா.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். மே 31 அன்று நடந்தது முழுக்கப் புரிந்துவிடும்.

மூன்று பேர், 81 விநாடிகள்

அன்று 20-வது நாள். மறுநாள் ரோம் நகரில் ஊர்வலம்போல முடியும் கடைசி நாள் என்பதால், உண்மையான கடைசிப் போர் இதுதான்.

பிங்க் ஜெர்சியில் இருந்தவர் இசாக் டெல் டோரோ. மெக்சிகோவிலிருந்து பிங்க் ஜெர்சி போட்ட முதல் வீரர். யுஏஇ டீம் எமிரேட்ஸ் அணி. உலகின் நம்பர் ஒன் வீரரான ஸ்லோவேனியாவின் தடேய் பொகாச்சார் இருக்கும் அதே அணி. பொகாச்சார் இந்த ஜிரோவுக்கு வரவில்லை. அணியின் பெரிய நம்பிக்கையாக வந்தவர் ஸ்பெயினின் ஹுவான் அயூசோ. ஆனால், மண் சாலைகள் நிறைந்த 9-வது நாளில் டெல் டோரோ அசத்தி, பிங்க் ஜெர்சியை எடுத்துக்கொண்டார். `ஓர் உறையில் இரண்டு கத்தியா?’ என்று எல்லோரும் பேசினார்கள். மலைகளில் அயூசோ பின்தங்கினார். பிறகு தேனீ கொட்டிக் கண் வீங்கி, 18-வது நாளில் பந்தயத்தை விட்டே விலகினார். மொத்தச் சுமையும் 21 வயதுப் பையனின் தோளில் இறங்கியது.

இரண்டாவது இடத்தில் ரிச்சர்ட் கரபாஸ். 43 விநாடி பின்னால். 2019-ல் இதே ஜிரோவை வென்றவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயத் தங்கம் வாங்கியவர். மலையில் தாக்குவதற்கு அஞ்சாதவர்.

மூன்றாவது இடத்தில் சைமன் யேட்ஸ். 1 நிமிடம் 21 விநாடி பின்னால். அதாவது முதல் மூன்று பேருக்குள் மொத்த வித்தியாசமே 81 விநாடிகள். மூன்று வாரம் அமைதியாக வந்தவர் யேட்ஸ். பேட்டிகளிலும் பெரிதாக எதுவும் பேச மாட்டார். எல்லோர் கண்ணும் டெல் டோரோ, கரபாஸ் மீதுதான் இருந்தது.

இன்னொரு சுவாரஸ்யம். யேட்ஸின் இரட்டைச் சகோதரர் ஆடம் யேட்ஸும் இந்தப் பந்தயத்தில் இருந்தார். எந்த அணியில் தெரியுமா? டெல் டோரோவின் அணியில்!

காலையிலேயே போட்ட பிளான்

வெரெஸ் என்ற ஊரிலிருந்து செஸ்ட்ரியேரே வரை, 205 கி.மீ. வழியில் `கோல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே’ என்ற மலை. 18.5 கி.மீ. ஏற்றம். சராசரிச் சரிவு 9.2 சதவிகிதம். அதாவது 100 மீட்டர் முன்னே போனால், 9 மீட்டருக்கு மேல் உயரம் ஏறியிருப்போம். அதிலும் கடைசி 8 கி.மீ. தாரே கிடையாது, வெறும் மண் சாலை. உச்சியின் உயரம் 2,178 மீட்டர்.

அந்த உச்சியைத் தாண்டி இறங்கினால் ஒரு பள்ளத்தாக்கு. அதன்பின் செஸ்ட்ரியேரே வரை 16 கி.மீ. ஏற்றம். ஆனால், இது லேசான ஏற்றம். சராசரி 4 சதவிகிதம்கூட இல்லை. இங்கே வேகம் கூடும், காற்றும் கூடும். துணைக்கு ஆள் இருந்தால் பெரும் லாபம்.

யேட்ஸின் விஸ்மா அணி இந்த 16 கி.மீட்டருக்குத்தான் குறி வைத்தது. அன்று ஆரம்பத்திலேயே ஒரு கூட்டம் முன்னால் பிரிந்து ஓடியது. மொத்த நேரக் கணக்கில் வெகுவாகப் பின்தங்கியவர்கள் அவர்கள். அதனால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவர் பெல்ஜியத்தின் வவுட் வான் ஆர்ட். விஸ்மா அணிக்காரர்.

வான் ஆர்ட் சாதாரண ஆள் இல்லை. ஆறடியைத் தாண்டிய உயரம், பலமான கால்கள். டெல் டோரோ பிங்க் ஜெர்சி எடுத்த அந்த 9-வது நாளில், சியனா நகரில் அவரைத் தோற்கடித்து முதலாவதாக வந்தவரே இவர்தான். அப்படிப்பட்டவர் 20-வது நாளில் முன்னால் ஓடியது ஜெயிப்பதற்காக இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் போய்க் காத்திருப்பதற்காக.

கல்யாண வீட்டுக்குக் கூட்டமாகக் கிளம்பும்போது, ஒருவரை முன்கூட்டியே அனுப்பி பஸ்ஸில் இடம் பிடித்துவைக்கச் சொல்வோம் அல்லவா? அதே டெக்னிக். சைக்கிள் உலகில் இப்படி முன்னால் அனுப்பப்படும் வீரருக்கு `சாட்டிலைட் ரைடர்’ என்று பெயர். இது விஸ்மாவுக்குப் புதிதும் இல்லை. 2022 டூர் டி பிரான்ஸில் ஓட்டகாம் மலையில் இதே வான் ஆர்ட் முன்னால் போய், பின்னால் வந்த தன் அணியின் ஜோனாஸ் விங்ககோவுக்காக இழுத்து இழுத்து, பொகாச்சாரையே திணறடித்தார். எல்லா அணிகளும் பார்த்த வித்தைதான். பார்த்தும் அன்று அவரைத் தடுக்க யாரும் மெனக்கெடவில்லை.

நீ இழு... நீயே இழு!

ஃபினெஸ்ட்ரே அடிவாரத்திலேயே கரபாஸின் அணி முழு வேகத்தில் இழுத்தது. கரபாஸ் பாய்ந்தார். டெல் டோரோ அவர் சக்கரத்தை விடாமல் ஒட்டிக்கொண்டார். யேட்ஸ் முதலில் சற்றுப் பின்தங்கினார். பதறாமல், தன் வேகத்தில் மிதித்து வந்து சேர்ந்துகொண்டார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. ஒரு முறை தாக்கினார், பிடித்தார்கள். மறுபடி தாக்கினார், பிடித்தார்கள். இன்னொரு முறை தாக்கினார். இந்த முறை யாரும் பின்னால் போகவில்லை.

ஏன் போகவில்லை? இரண்டு பேரின் மனக்கணக்கையும் பார்க்கலாம்.

டெல் டோரோவின் கணக்கு: `எனக்கு மிக அருகில் இருப்பவர் கரபாஸ். வெறும் 43 விநாடி. யேட்ஸைத் துரத்த நான் முன்னால் போனால், கரபாஸ் என் பின்னால் ஓய்வெடுத்துக்கொண்டு வருவார். நான் களைத்ததும் என்னைத் தாண்டிப் போய்விடுவார். அவரை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை.’

கரபாஸின் கணக்கு: `பிங்க் ஜெர்சி அவரிடம் இருக்கிறது. அதைக் காப்பாற்றுவது அவர் பொறுப்பு. நான் எதற்கு அவருக்காகக் காற்றை வாங்க வேண்டும்? நான் இழுத்து யேட்ஸைப் பிடித்தால், பலன் யாருக்கு? பின்னால் சொகுசாக வருகிறவருக்குத்தானே?’

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நியாயம்தான். சேர்த்துப் பார்த்தால், இருவருக்கும் நஷ்டம். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடி 18 கி.மீ. மலையைத் தனியாக ஏறிக்கொண்டிருந்தார்.

யேட்ஸ் உச்சியைத் தாண்டும்போதே, கணக்குப்படி பிங்க் ஜெர்சி அவருக்கு வந்துவிட்டது. ஆனாலும், இன்னும் பள்ளத்தாக்கும் செஸ்ட்ரியேரே ஏற்றமும் பாக்கி. இருவரும் மனது மாறிச் சேர்ந்து துரத்தினால் தனி ஆளைப் பிடிக்க வாய்ப்பு இருந்தது.

அவர் தனி ஆளாக இருந்திருந்தால்தானே!

மலைக்கு அந்தப் பக்கம் வான் ஆர்ட் தயாராக இருந்தார். யேட்ஸ் வந்து சேர்ந்ததும் முன்னால் நின்று இழுக்க ஆரம்பித்தார். அந்தப் பெரிய முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, மூச்சை மீட்டுக்கொண்டு வந்தார் யேட்ஸ். வித்தியாசம் விறுவிறுவென ஏறியது. பின்னால் டெல் டோரோ பக்கத்திலும் அணித்தோழர் இல்லை, கரபாஸ் பக்கத்திலும் இல்லை. ஒரு கட்டத்தில் இருவரும் துரத்துவதையே கைவிட்டதுபோல மெதுவாக மிதித்தார்கள்.

அன்றைய பந்தயத்தை முன்னால் ஓடிய கூட்டத்திலிருந்த ஆஸ்திரேலியாவின் கிறிஸ் ஹார்ப்பர் வென்றார். முந்தைய வருடம் வரை யேட்ஸ் இருந்த அதே ஜேகோ அணிக்காரர். யேட்ஸ் மூன்றாவதாக வந்தார். டெல் டோரோவும் கரபாஸும் அவருக்கு 5 நிமிடங்களுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்.

காலையில் 1 நிமிடம் 21 விநாடி பின்னால் இருந்தவர், மாலையில் 3 நிமிடம் 56 விநாடி முன்னால். டெல் டோரோ இரண்டாவது, கரபாஸ் மூன்றாவது. மறுநாள் ரோமில் அதுவே இறுதி முடிவானது.

மலை திருப்பிக் கொடுத்தது

எல்லையைத் தாண்டியதும் யேட்ஸ் அழுதார். எப்போதும் முகத்தில் எதையும் காட்டாத மனிதர் அப்படி அழுததற்கு ஏழு வருடக் கதை ஒன்று இருக்கிறது.

2018 ஜிரோ. அப்போது யேட்ஸுக்கு 25 வயது. 13 நாள் பிங்க் ஜெர்சியில் இருந்தார். மூன்று நாள் பந்தயங்களை முதலாவதாக வந்து வென்றார். கோப்பை அவருக்குத்தான் என்று எல்லோரும் முடிவுகட்டிய நேரத்தில், 19-வது நாளில் கால்கள் கைவிட்டன. முன்னால் கிறிஸ் ஃப்ரூம் 80 கி.மீ. தனியாக ஓடிச் சரித்திரம் படைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் யேட்ஸ் உடைந்துபோய் வந்தார். அன்று ஒரே நாளில் அவர் இழந்தது 38 நிமிடங்களுக்கு மேல்.

அவர் கால்கள் கைவிட்ட மலை எது? இதே ஃபினெஸ்ட்ரே!

அதே வருடம் வுவெல்டாவை வென்று ஓரளவு ஆறுதல் தேடிக்கொண்டார். ஆனால், ஜிரோ மட்டும் வடுவாகவே இருந்தது. 2025 ஜிரோவின் பாதையில் ஃபினெஸ்ட்ரே இருப்பதைப் பார்த்ததிலிருந்தே அந்த மலையில் பழைய கணக்கை முடிக்க வேண்டும் என்று மனதில் இருந்ததாகப் பிறகு சொன்னார்.

கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. 2019-ல் கரபாஸ் ஜிரோவை வென்றது எப்படி? வின்சென்ஸோ நிபாலியும் பிரிமோஸ் ரோக்லிச்சும் ஒருவரை ஒருவர் கண்காணித்துக்கொண்டு இருந்தபோது, யாரும் பெரிதாக மதிக்காத மூன்றாவது ஆளாக நழுவி ஓடிப் பிங்க் ஜெர்சியைப் பிடித்தார். எந்த விளையாட்டில் அன்று ஜெயித்தாரோ, அதே விளையாட்டில் ஆறு வருடம் கழித்துத் தோற்றார்.

அப்போ தப்பு யார் மேல?

டெல் டோரோ மீதுதான் அதிக விமர்சனம். `ஜெர்சியை வைத்திருப்பவர்தான் துரத்த வேண்டும்’ என்பது எழுதாத சட்டம். கரபாஸ் கோப்பையை இழந்தாலும் அவருக்கு நஷ்டம் ஒரு வாய்ப்புதான். டெல் டோரோவுக்கோ, கையில் இருந்த பொருளே போய்விட்டது. இரண்டாவது இடத்துக்காரரைக் காவல் காக்கிற மும்முரத்தில், மூன்றாவது இடத்துக்காரரும் எதிரிதான் என்பதை அவர் மறந்தார்.

ஆனால், பழி முழுவதையும் 21 வயதுப் பையன் மீது போடுவது நியாயமில்லை. ஒவ்வொரு வீரரின் காதிலும் ரேடியோ இருக்கிறது. பின்னால் காரில் அணியின் இயக்குநர்கள் வருகிறார்கள். யேட்ஸ் எத்தனை விநாடி முன்னால் போகிறார், வான் ஆர்ட் எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். காலையில் வான் ஆர்ட் முன்னால் ஓடும்போதே, துணைக்குத் தங்கள் ஆள் ஒருவரையும் அனுப்பியிருந்தால், டெல் டோரோவுக்கும் பள்ளத்தாக்கில் ஒரு முதுகு கிடைத்திருக்கும். மூன்று பேரில் கால் பலத்தில் யாருக்கும் பெரிய குறை இல்லை. மற்ற இருவருக்கும் இல்லாமல், யேட்ஸுக்கு மட்டும் இருந்தது, மலைக்கு அந்தப் பக்கம் காத்திருந்த ஓர் ஆள்.

டெல் டோரோ இனி?

தோற்றவரின் கதை அன்றோடு முடிந்துவிடவில்லை. பிங்க் ஜெர்சியைப் பறிகொடுத்த அதே 2025-ல் டெல் டோரோ, ஆஸ்திரியா டூரை வென்றார். ஸ்பெயினில் வுவெல்டா எ புர்கோஸை வென்றார். அக்டோபரில் இத்தாலிக்கே திரும்பி வந்து, கடினமான ஏற்றத்துக்குப் பெயர் பெற்ற ஜிரோ டெல் எமிலியாவை வென்றார். இதற்கு முன் 2023-ல், இளம் வீரர்களின் டூர் டி பிரான்ஸ் என்று சொல்லப்படும் டூர் டி லாவெனீரையும் வென்றவர்தான்.

மலையும் ஏறுகிறார். கடைசி சில நூறு மீட்டரில் பாய்ந்து ஓடும் வேகமும் இருக்கிறது. இரண்டும் ஒருவரிடம் இருப்பது அபூர்வம். ஆனால், அவர் முன்னால் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பொகாச்சார் இருக்கும் அணியில் அவர் எத்தனை பெரிய பந்தயங்களுக்குத் தலைவராக இருக்க முடியும்? பொகாச்சார் வரும் இடங்களில் இவரும் முதுகு கொடுக்கும் ஆளாகத்தான் இருக்க வேண்டியிருக்கும். கிடைக்கும் இடங்களில் பிங்க் ஜெர்சி மாதிரியான வாய்ப்பை இரண்டாவது முறை தவறவிடாமல் இருப்பதுதான் அவர் படிக்க வேண்டிய பாடம்.

அந்தப் பாடத்தைப் படிக்க யேட்ஸுக்கு ஏழு வருடம் ஆனது. ஜிரோவுக்குப் பின், அதே ஜூலையில் டூர் டி பிரான்ஸில் ஒரு நாள் பந்தயத்தையும் வென்றார். 2026 ஜனவரியில், 33 வயதில், திடீரென ஓய்வு அறிவித்துவிட்டார். பழைய கணக்கு தீர்ந்த பிறகு கிளம்பியதால், அந்த முடிவில் ஆச்சர்யப்பட ஒன்றும் இல்லை.

2018-ல் பிங்க் ஜெர்சியை இழந்தபோது யேட்ஸுக்கு வயது 25. 2025-ல் இழந்தபோது டெல் டோரோவுக்கு வயது 21. இன்னும் நிறைய மே மாதங்கள் பாக்கி இருக்கின்றன. ஃபினெஸ்ட்ரேவும் எங்கேயும் போய்விடாது!

அடுத்த வாரம்: டூர் டி பிரான்ஸில் மஞ்சள் தெரியும். பச்சை ஜெர்சியும், சிவப்புப் புள்ளி போட்ட ஜெர்சியும் யாருக்கு, எதற்கு?